வேறு பெயரில் ஒரு டோக்கன்

ஏசிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி காலியாக இருந்தது, அதற்காக நான் கிட்டத்தட்ட ஓடினேன், வயிறு தள்ளி நின்ற ஒரு பெண்ணைத் தோளால் இடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல். இப்போது அவள் சுவரில் சாய்ந்து நிற்கிறாள், அவளுடைய அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், எழுந்து இடம் கொடுக்க வேண்டும், கால் எழவில்லை. குளிர்ந்த காற்று உச்சந்தலையில் விழுகிறது. முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழ் வரை இழுத்து விட்டுக்கொண்டேன். மதுரையில் யாருக்கு என்னைத் தெரியப்போகிறது. தென்காசியில் பஸ் ஏறி, ராஜபாளையம், திருமங்கலம் என்று இடுப்பு ஒடிய இவ்வளவு தூரம் வந்ததே யாருக்கும் தெரியக்கூடாது என்றுதான். தென்காசி வடிவம்மா, சித்த மருத்துவர் சண்முகவடிவு, பெண்களுக்கு வருகிற எல்லாவற்றுக்கும் கைராசிக்காரி என்று பேர் வாங்கினவள், இங்கிலீஷ் டாக்டரிடம் டோக்கன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அதுவும் ஹார்மோன் மாத்திரைக்கு. வாசலில் மேசைக்குப் பின்னால் இருந்த பெண் "பேர் சொல்லுங்கம்மா" என்றபோது சண்முகவடிவு என்று நாக்கு நுனி வரை வந்தது. "சொர்ணம்" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொர்ணம், உலகத்தில் வேறு பெயரா இல்லை, சொர்ணம் என் சித்தி, அம்மாவின் தங்கை, மார்பில் கட்டி வந்து செத்துப்போனவள். ஹார்மோன் மாத்திரை வாங்க வந்த இடத்தில் அவள் பெயரையா கொடுப்பார்கள். மாற்றிச் சொல்லலாம் என்று நினைப்பதற்குள் அந்தப் பெண் தட்டி முடித்துவிட்டாள்.

சித்தி ஒரு ஹார்மோன் மாத்திரையும் சாப்பிட்டதில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, இந்த மாத்திரையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் மார்பை எடுத்த பிறகு சித்தியின் ரவிக்கையில் ஒரு பக்கம் துணி தொங்கிக் கிடந்ததுதான் வருகிறது. அவள் அதை முந்தானையால் மூடி மூடி, கடைசிக் காலத்தில் மூடவும் மறந்துபோனாள். எனக்கும் வருமோ. வந்தால் ஊரே சொல்லும், பாரு, அடுத்தவங்களுக்கு வேண்டாம்னு சொல்லிட்டு இவ மட்டும் தின்னா, அதான் வந்துச்சு என்று. வராமல் நல்லாகிவிட்டாலும் சொல்லும். எப்படிப் போனாலும் அந்த வாய்கள் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கின்றன. உடம்பில் அது தொடங்கிவிட்டது. முதலில் நெஞ்சுக்குழியில் ஒரு பயம் வரும், எதற்கென்று தெரியாத பயம், சாவுச் செய்தியோடு யாரோ படியேறி வருகிற மாதிரி, அதற்குப் பின்னால்தான் சூடு. அடிவயிற்றிலிருந்து மார்பு, கழுத்து, காது மடல், மண்டை. ரவிக்கை முதுகோடு ஒட்டுகிறது. அந்தப் பெண்ணின் அம்மா குனிந்து, "யக்கா, ஏசிய அமத்தச் சொல்லவா, பிள்ளைக்கு நடுங்குது" என்கிறாள். வேண்டாம், தயவுசெய்து வேண்டாம், நான் எரிந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். "அதுக்கென்ன, அமத்தச் சொல்லுங்க" என்றேன். வாய் என்னவெல்லாம் சொல்கிறது. ஏசி வாயை மூடிக்கொண்டது. முகக்கவசத்துக்குள் உப்பு நீர் உதட்டில் இறங்குகிறது.

இதே சூடுதான் போன மாதம் மகளிர் சங்கக் கூட்டத்தில் வந்தது. மேடையில், மைக்குக்கு முன்னால். தாய்மார்களே, மாதவிடாய் நிற்பது நோய் இல்லை, அது ஒரு பருவம், பிஞ்சு காயாகி, காய் கனிகிற மாதிரி, அதைப் போய் வெளியிலிருந்து ஹார்மோனை ஏற்றித் தடுப்பது ஓய்வெடுக்க உட்கார்ந்த மாட்டைச் சாட்டையால் எழுப்புகிற மாதிரி என்று நான் சொல்லச் சொல்ல உள்ளே அடுப்பு எரிந்தது. கை தட்டினார்கள். முகம் சிவந்து பளபளவென்று நின்றேன் போலிருக்கிறது, சங்கச் செயலாளர் மைக்கை வாங்கி, "டாக்டர் முகத்தைப் பாருங்க, என்ன தேஜஸ், மூலிகை சாப்பிடுற உடம்புன்னா சும்மாவா" என்றாள். அதற்கும் கை தட்டினார்கள். நான் கும்பிட்டேன். கும்பிட்டபோது ஒரு தும்மல் வந்தது, தும்மலோடு கொஞ்சம் நனைந்தது, சேலைக்குள்ளே, யாருக்கும் தெரியாது, ஆனால் நான் நாற்காலியில் உட்காராமல் கடைசி வரை நின்றுகொண்டே இருந்தேன், பொன்னாடையை முன்பக்கம் பிடித்துக்கொண்டு. டாக்டர் எவ்வளவு எளிமை, மேடையில் உட்காரக்கூட இல்லை என்று அதையும் பாராட்டினார்கள்.

இன்றைக்கும் பஸ்ஸில் இருந்து இறங்கும்போது இருமினேன், நனைந்தது. பை நிறைய மாற்றுத்துணி கொண்டுவந்திருக்கிறேன், பள்ளிக்கூடத்துக்குப் போகிற குழந்தைக்குக் கட்டிக் கொடுப்பதைப் போல. வீட்டில் அவரிடம் மதுரையில் கருத்தரங்கு என்று சொன்னேன். "போயிட்டு வா, நாடார் கடையில கருப்பட்டி வந்திருக்கு, நான் பாத்துக்கிடுதேன்" என்றார் என் வீட்டுக்காரர் நெல்லையப்பன். பொய் சொல்லிப் பழக்கமில்லாத வீட்டில் பொய் எவ்வளவு சுலபமாகச் செல்லுபடியாகிறது. அவரும் நானும் ஒரே கட்டிலில் படுத்து வெகுநாளாகிறது. எனக்குத் தூக்கம் கெடுகிறது என்று பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தேன், காரணம் தூக்கம் இல்லை, அவர் பக்கத்தில் வந்தால் எனக்கு வலிக்கிறது, உள்ளே எல்லாம் உலர்ந்து, தோல் கிழிகிற மாதிரி. சொல்லவில்லை. எத்தனையோ பெண்கள் இதே வார்த்தைகளை என் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தரையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், நான் தைரியமாகக் கேள்வி கேட்டிருக்கிறேன், எண்ணெய் கொடுத்திருக்கிறேன், கூச்சப்படாதீங்கம்மா என்று சொல்லியிருக்கிறேன். என் வீட்டில் என் புருஷனிடம் என் வாய் ஒட்டிக்கொண்டது. எனக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் காலையில் காப்பியை வைத்துவிட்டு, "நம்ம லேகியத்தையே இன்னும் ஒரு உருண்டை கூடச் சாப்பிடேன், வடிவு" என்றார். இந்தச் சூட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் கிண்டிக் கொடுக்கிற அந்த லேகியத்தின் மேல் அவருக்குச் சந்தேகமே கிடையாது. தண்ணீர்விட்டான் கிழங்கைப் பாலில் அவித்துக் காய வைத்து இடிப்பதே அவர்தான். அன்றைக்கு நான் அந்தக் காப்பித் தம்ளரைச் சுவரில் எறிந்தேன். அவர் துடைத்தார். மனுஷன் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருக்கலாம்.

லேகியம் பொய் இல்லை. இதை நான் எனக்குள்ளே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். தண்ணீர்விட்டான், அமுக்கரா, அசோகப்பட்டை, எள், கருப்பட்டி, சிலருக்குக் கேட்டிருக்கிறது, சூடு தணிந்தது, தூக்கம் வந்தது என்று வந்து கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறார்கள். அது கிழங்கினாலா, காலம் போகப் போகத் தானாகத் தணிந்ததா, அல்லது முதல்முறையாக ஒருத்தி அரைமணி நேரம் உட்கார்ந்து அவர்கள் சொன்னதைக் கேட்டாளே அதனாலா, எனக்குத் தெரியாது. மருந்து கேட்காதவர்களில் பலர் திரும்பி வரவில்லை, வராதவர்களை நான் நினைக்கவில்லை. எனக்குக் கேட்கவில்லை. அளவைக் கூட்டினேன், அனுபானத்தை மாற்றினேன், தேனில், நெய்யில், வெந்நீரில். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து என் நாடியை நானே பார்த்தேன், இப்போதும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், விரலுக்கடியில் ஏதோ குதிக்கிறது, வாதமா பித்தமா, பிடிக்கிற கையும் என்னுடையதாக இருக்கும்போது எதை என்று பார்ப்பது. அடுத்தவள் நாடி விரலில் ஏறினால் வாசிக்கத் தெரிகிறது, என்னுடையதை மட்டும்...

வாசல் கதவு திறந்தது. உள்ளே வந்தது ரெஜினாள்.

தென்காசி வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் தையல்கடை வைத்திருக்கிற ரெஜினாள். என் ரவிக்கைகளை எல்லாம் தைப்பவள், எட்டு மாதமாக என் லேகியத்தைச் சாப்பிடுகிறவள். ஒரு கணம் இது சூட்டின் மயக்கம் என்று நினைத்தேன். தலையைக் குனிந்தேன், கைப்பைக்குள் எதையோ தேடினேன், முகக்கவசம் இருக்கிறது, தெரியாது, தெரியாது. அவள் மேசையில் பெயர் சொன்னாள், திரும்பினாள், உட்கார இடம் தேடினாள், அவள் கண் என் முகத்துக்கு வரவில்லை, என் தோளுக்கு வந்து நின்றது, ரவிக்கை ஓரத்தில் அவளே வைத்த பைப்பிங், அவளே தைத்த கை. "டாக்டரம்மா?" என்றாள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று. என் முகம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது, மூடியிருந்தது. என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து தரையில் விழுகிற மாதிரி உட்கார்ந்தாள், என் கையைப் பிடித்தாள், அவள் கையும் ஈரமாக இருந்தது.

"டாக்டரம்மா, என்னைய ஏசிராதிய. நானா வரல. மகதான் இங்கன மருதையில இருக்கா, அவதான் முன்னாடியே புடிச்சு பேர் குடுத்துட்டா. தென்காசியில பாத்தா ஒங்க காதுக்கு வந்துரும், ஒங்க மனசு சங்கடப்படும்னுட்டுதான் இம்புட்டுத் தூரம் வந்தேன். இங்கனயும் நீங்க இருக்கியளே."

என்னிடமிருந்து ஒளிய அவள் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள். இதே சாலையில், ஒருவேளை எனக்கு அடுத்த பஸ்ஸில். முகக்கவசத்துக்குள் சிரிப்பு வந்தது. அவள் மன்னிப்புக் கேட்கிறாள், நான் கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்து அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டிருக்கிறேன், கோயில் பிரசாதத்தைப் போல. "ஒங்க கூட்டாளி டாக்டரப் பாக்க வந்தியளா" என்று அவளே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, தலையை ஒரு மாதிரி அசைத்தேன், எந்தப் பக்கமும் எடுத்துக்கொள்ளலாம். "தூக்கமே இல்ல டாக்டரம்மா. மிஷின்ல உக்காந்தா ஊசி எங்கன போவுதுன்னு தெரியல. போன வாரம் வெரல்ல ஏத்திட்டேன். ஒரு கல்யாண ரவிக்கைய வெட்டும்போது அளவையே மாத்தி வெட்டிட்டேன், அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ல. மகன்ட்ட தேவையில்லாம கத்துதேன். சர்ச்சில உக்காந்திருக்கும்போது எழும்பி வெளிய ஓடணும்போல வருது." நகம் கறுத்துப்போன விரலைக் காட்டினாள். எனக்குத் தெரியும், ரெஜினாள், எல்லாம் தெரியும், தம்ளர் தெரியும், ஓடணும்போல வருவது தெரியும்.

"சொர்ணம்! சொர்ணம் யாருங்க?"

மேசைப் பெண் கூப்பிட்டாள். செத்துப்போன சித்தி இந்த அறைக்குள் வந்து நின்றாற்போல முதுகு சில்லிட்டது. ரெஜினாள் என் கையைப் பிடித்திருக்கிறாள். எழுந்தால் முடிந்தது. "சொர்ணம், வந்திருக்காங்களா?" எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள், நானும் பார்த்தேன், யாரந்தச் சொர்ணம் என்று தேடுகிறவளைப் போலக் கழுத்தைத் திருப்பித் திருப்பி, என்ன நடிப்பு. அந்தக் கர்ப்பிணியின் அம்மா கதவுக்கு வெளியே கூட எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள், பாவம். "சரி, அடுத்து ரெஜினாள், நீங்க ரெடியா இருங்க, உள்ள இருக்கிறவங்க வந்ததும் போலாம்" என்றாள் மேசைப் பெண். ரெஜினாள் எழுந்தாள். டாக்டர் அறைப் பக்கம் போகாமல் என் முன்னால் நின்றாள்.

"நா போயிருதேன் டாக்டரம்மா. ஒங்களப் பாத்ததே கர்த்தர் எனக்குக் காட்டுனதுதான். ஹார்மோன் மாத்திரை தின்னா புத்து நோவு வரும்னு நீங்கதான சொன்னிய. எம் மவளுக்கு என்ன தெரியும், அவ படிச்ச திமிரு. இன்னும் கொஞ்ச நாள் லேகியத்தையே சாப்பிடுதேன்."

இதில் நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அதுதான் பயங்கரம். சும்மா இருந்தால் போதும். அவள் போய்விடுவாள், கதவு மூடும், சொர்ணம் எழுந்து மேசைக்குப் போய், காது கேட்கலம்மா என்று சொல்லி உள்ளே போகலாம், மாத்திரை வாங்கலாம், தூங்கலாம். ரெஜினாள் விரலில் ஊசி ஏற்றிக்கொண்டு என் லேகியத்துக்குக் காத்திருப்பாள், நான் தூங்கி எழுந்த தெளிவான முகத்தோடு அவளுக்கு உருட்டிக் கொடுப்பேன். பாருங்க டாக்டரம்மா முகத்த, என்ன தேஜஸ் என்பாள். அவள் ஏற்கெனவே இரண்டடி நடந்துவிட்டாள். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைத் தேடுகிறாள். கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் அடுத்த வார்த்தை என்ன, அதற்கு அடுத்தது என்ன, ஞாயிற்றுக்கிழமைக்குள் சர்ச் முழுக்க, திங்கட்கிழமை கடைத்தெரு முழுக்க, அவர் கருப்பட்டி வாங்குகிற கடையில், அவர் காதில், என் வாயால் கேட்காமல் வேறு யார் வாயாலோ. ஒரு செருப்பைப் போட்டுவிட்டாள்.

"ரெஜினாள், போகாதிய. இங்கன வாங்க."

வந்தாள். முகக்கவசத்தைக் கழற்றினேன். காற்று பட்டது.

"நான் எனக்காகத்தான் வந்திருக்கேன். இப்பம் கூப்பிட்டாங்கல்லா சொர்ணம்னு, அது நான்தான். எனக்கும் முடியல. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதே மாத்திரையக் கேக்கத்தான் வந்தேன். நீங்க உள்ள போங்க."

அழுவாள் என்று நினைத்தேன், அல்லது என்னைக் கட்டிக்கொள்வாள் என்று, வெட்கங்கெட்ட மனசு அதைக்கூட எதிர்பார்த்தது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அளவெடுக்கும்போது பார்ப்பதைப் போல, உடம்பை மட்டும். அப்புறம் மெதுவான குரலில், "ஒரு வருஷமா?" என்றாள். "நா ஒவ்வொரு மாசமும் வந்து முடியலன்னு சொன்னேன்லா. பத்தியம் சரியா இருந்திருக்க மாட்டேன்னு என்னையத்தான ஏசுனிய. கருவாடு தின்னியான்னு கேட்டிய. நா மீனையே விட்டேன் டாக்டரம்மா. எங்க வீட்டு கிறிஸ்மசுக்குக்கூட வாயில வைக்கல."  உள்ளே இருந்தவள் வெளியே வந்தாள், ரெஜினாள் ஒரு காலில் செருப்போடேயே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள், மேசைப் பெண் செருப்பு செருப்பு என்று கத்தினது அவளுக்குக் கேட்கவில்லை.

எழுந்து போய்விடலாம். இப்போது போனால் யார் கேட்கப்போகிறார்கள். வெயிலில் நடந்து மாட்டுத்தாவணியோ ஆரப்பாளையமோ ஏதோ ஒரு பஸ்ஸைப் பிடித்து. நான் அந்தக் கருவாடு கேள்வியைக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அவளிடம் மட்டும் இல்லை, எல்லாரிடமும் கேட்பேன், மருந்து கேட்கவில்லை என்று ஒருத்தி வந்து சொன்னதும் அந்தக் கேள்வி தானாக வரும், புளி சேர்த்தியா, கருவாடு தின்னியா, பகலில் படுத்தியா. ஏதாவது ஒன்றை அவர்கள் செய்திருப்பார்கள், ஒப்புக்கொள்வார்கள், தலையைக் குனிந்து எழுந்து போவார்கள். அப்போது எனக்குள் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியை நான் மருத்துவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் நானே கேட்டேனா, வடிவு, கருவாடு தின்னியா என்று. நான் தினமும் தின்றேன். எனக்கு மட்டும் கிழங்கின் தரம் சரியில்லை, மழை தப்பிப்போன வருஷத்துக் கிழங்கு என்று காரணம் கிடைத்தது. சுற்றிலும் இளவயதுப் பெண்கள், வயிற்றில் கை வைத்தபடி, எல்லாருக்கும் ஏதோ ஒன்று தொடங்குகிறது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. முகம் மூடாமல் இருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது, யாருக்கும் அது பொருட்டாக இல்லை. அந்தக் கர்ப்பிணி இன்னும் நிற்கிறாள். "உக்காருங்கம்மா" என்று எழுந்தேன். அவள் உட்கார்ந்தாள். சுவரில் நான் சாய்ந்தேன், சுவர் குளிர்ச்சியாக இருந்தது, போகத் தோன்றவில்லை, போகாமலிருக்கவும் தைரியமில்லை.

கதவு பாதி திறந்தது. ரெஜினாள் தலையை மட்டும் நீட்டினாள். கண் சிவந்திருந்தது, குரலில் கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற கறார்.

"டாக்டர் கேக்காங்க, எட்டு மாசமா என்ன மருந்து தின்னன்னு. அதுல என்னென்ன இருக்குன்னு தெரிஞ்சாத்தான் மாத்திரை எழுதுவாங்களாம். எனக்குச் சொல்லத் தெரியல. வாங்க."

உள்ளே நரைத்த கிராப்போடு ஒரு சின்ன உருவம், டாக்டர் மெஹருன்னிசா, என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். "நீங்க யாரும்மா?" என்றாள். கோபமாக இல்லை, சாதாரணமாக.

"இவங்களுக்கு மருந்து குடுத்த சித்த வைத்தியர். பேரு சண்முகவடிவு." சொல்லிவிட்டு லேகியத்தில் உள்ளதை ஒன்றொன்றாகச் சொன்னேன், அளவோடு. அவள் பேனாவை நிறுத்தி நிறுத்திக் கேட்டாள், தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவளுக்குத் தைராய்டைத் தூண்டுகிற அமுக்கராவைக் கொடுத்தீர்களா என்றாள், கொடுத்தேன் என்றேன், தைராய்டு இருக்கிறதா என்று நான் கேட்டிருக்கவில்லை, அதையும் சொன்னேன். ரெஜினாள் தன் உடம்புக்குள் என்ன போயிற்று என்பதை முதல்முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ரத்தம் பார்ப்போம், மார்புக்கு ஒரு படம் எடுப்போம், வயித்துக்கு ஒரு ஸ்கேன், எல்லாம் சரியா இருந்தா சின்ன அளவுல ஆரம்பிக்கலாம்" என்று டாக்டர் அவளிடம் சொன்னாள், ஆபத்து இல்லாமல் இல்லை என்றும், பயந்த அளவுக்கு இல்லை என்றும், யாருக்கு எவ்வளவு என்று ஆளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றும். பிறகு என் பக்கம் திரும்பி, வேர்வை காயாத என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்களும் இதையேதான் சாப்பிட்டீங்களா? கேட்டுச்சா?"

சூடு மறுபடி அடிவயிற்றிலிருந்து கிளம்பியது, அந்தப் பயம் முன்னால், அது பின்னால். மேடையில் நின்றதைப் போல நின்றேன். ரெஜினாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கல டாக்டர்" என்றேன். "எனக்கும் கேக்கல, இவங்களுக்கும் கேக்கல. இவங்க பத்தியத்துல ஒரு கொறையும் இல்ல."